கரண்ட் கொப்பியில் ஒரு வியாழக்கிழமை

“வியாழன். மு.ப. 10.44 – 10.51. ஏழு நிமிடம். மழை இல்லை. ஜெனரேற்றர் உடனே பிடித்தது.”

நீல மட்டை போட்ட நூற்றிருபது பக்கக் கொப்பியில் எழுபத்தொன்பதாம் பக்கம், மேலிருந்து ஆறாவது வரி. கையெழுத்து என்னுடையது. அந்தப் பக்கத்திலுள்ள மற்ற வரிகள் எல்லாம் அந்தந்த நாளிலேயே எழுதப்பட்டவை. இந்த ஒன்று மட்டும் பதின்மூன்று நாட்கள் கழித்து, ஒரு புதன்கிழமை பின்னேரம் மூன்று மணியளவில், அறைக் கதவைச் சாத்திவிட்டு எழுதப்பட்டது.

சென்ற மாதம் நிரோஜன் தொலைபேசியில் கதைத்தார். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் நான் ஓய்வுபெறும்வரை தலைமை தாங்கிய, கணினிச் செயலிச் சில்லுகளைச் சரிபார்க்கும் பிரிவை இப்போது நடத்துபவர் அவர்தான். எங்கள் சோதனைப் பலகைகள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போய்விட்டன என்றும், இனி இங்கிருந்து இணையவழியாகவே அவற்றை இயக்கப் போகிறார்கள் என்றும் சொன்னார்.

“அங்கை கரண்டே போறேல்லையாம் சேர். அதாலை உங்கடை கொப்பிக்கும் ஓய்வு குடுத்திட்டம். புதுக் கட்டடத்திலை, வாசலுக்குக் கிட்ட, கண்ணாடிப் பெட்டிக்குள்ளை வைக்கப் போறம்.”

“எதுக்கு?”

“புதுப் பிள்ளையளுக்கு முதல் நாளே காட்டத்தான். துல்லியம் எண்டால் என்ன எண்டு வாயாலை சொல்லிக் களைச்சுப் போனன். அதோடை நீங்களும் ஒரு கட்டுரை எழுதித் தரவேணும். கண்ணாடிக்குப் பக்கத்திலை தொங்கவிடலாம்.”

“எந்தப் பக்கத்தைத் திறந்து வைக்கப் போறியள்?”

“நீங்களே சொல்லுங்கோ சேர். எல்லாப் பக்கமும் ஒரே வடிவாத்தானே கிடக்கு.”

எழுதித் தருகிறேன், அதுவரை பெட்டிக்குள் வைக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் நான் அடக்கத்தால் சொல்வதாக நினைத்துச் சிரித்தார். அந்தக் கட்டுரை இதுதான். தொங்கவிடுவதா இல்லையா என்பதை இதை வாசித்த பிறகு அவரே தீர்மானிக்கட்டும்.

ஆண்டுகளை இதில் எழுத முடியவில்லை. எந்தச் செயலி, எந்த நிறுவனம், எந்த ஆண்டு என்பதை வெளியிடுவதில்லை என்று கையொப்பமிட்டவன் நான். நாள் குறிக்காமல் எழுதுவது எனக்கு மேற்சட்டை இல்லாமல் சந்தைக்குப் போவதுபோல இருக்கிறது. கிழமைகளையும் மணிகளையும் மட்டும் தருகிறேன். அவற்றுள் எவை நம்பத் தக்கவை என்பதையும் சொல்கிறேன்.

படித்த காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மானிப்பாயில் பள்ளிக்கூடம், பிறகு மின்னியல் பொறியியல், பிறகு நாட்டைவிட்டு வெளியேற்றம். வெளிநாட்டில் இருபத்திரண்டு ஆண்டுகள் செயலிகளில் பிழை தேடும் வேலை. யுத்தம் முடிந்து சில ஆண்டுகளின் பின் ஊர் திரும்பினேன். நிறுவனம் அந்த வேலையின் ஒரு பகுதியைத் திருநெல்வேலியிலேயே செய்யலாம் என்றது. பலாலி வீதியிலிருந்து உள்ளே போகும் ஒழுங்கையில் மாடிவீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, பல்கலைக்கழகத்தை விட்டு அப்போதுதான் வெளியே வந்திருந்த பிள்ளைகள் எட்டுப் பேருடன் தொடங்கினோம். செயலிகள் தலைமுறை தலைமுறையாக வரும்; நான் சொல்லும் தலைமுறையின்போது முப்பத்துநான்கு பேராகியிருந்தோம்.

எங்கள் வேலை செயலியை வடிவமைப்பது அல்ல. வடிவமைத்தவர்களை நம்பாமல் இருப்பது. ஒரு சில்லுக்குள் பல கோர்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே கணக்குப் போடும். ஒவ்வொன்றும் நினைவகத்திலிருந்து தனக்கு வேண்டியதைப் பிரதி எடுத்துத் தன் பக்கத்தில் வைத்துக்கொள்ளும். ஒரு கோர் தன் பிரதியில் ஓர் எண்ணை மாற்றினால், மற்ற எல்லோரும் தங்கள் கையிலுள்ள பழைய பிரதியை அந்த நொடியே தூக்கி எறிய வேண்டும். சொல்ல இவ்வளவுதான். ஆனால் கோர்களின் தொகை கூடக்கூட, இவர் அவருக்குச் சொல்லும் செய்தி வழியில் பிந்துவதற்கான வகைகளும் கூடும். அந்த வகைகளில் ஒன்றாவது விடுபட்டதா என்று பார்ப்பதே திருநெல்வேலி வீட்டின் வேலை.

அந்தத் தலைமுறையில் ஒரு புதுமை இருந்தது. ஒரே வடிவமைப்பு இரண்டு பெயர்களில் விற்கப்படவிருந்தது. ஒன்று சேர்வர்களுக்கு, மற்றது பொறியியலாளர்களும் படம் வரைபவர்களும் மேசையில் வைத்து வேலைசெய்யும் பெரிய கணினிகளுக்கு. அவற்றை வேர்க்ஸ்டேஷன் என்பார்கள். சேர்வரில் கோர்கள் உறங்குவதே அருமை. வேர்க்ஸ்டேஷனிலோ, மனிதன் கையை எடுத்துத் தேநீர்க் கோப்பையைத் தூக்கும் நேரத்தில் பாதிக் கோர்கள் உறங்கிவிடும். மின்சாரம் மிச்சம், சூடு குறைவு. ஆகவே உறங்குவதும் விழிப்பதும் சரியாக நடக்கிறதா என்று பார்ப்பது அந்த முறை எங்கள் தலையில் விழுந்த பெரிய பொறுப்பு.

சில்லை வார்க்கும்முன் அதன் வடிவமைப்பைச் சோதனைப் பலகைகளில் ஏற்றி உண்மைச் சில்லுப்போல ஓடவிடுவோம். கீழ்த்தட்டில் முன்பு சாப்பாட்டறையாக இருந்த இடத்தில் அப்படி ஆறு பலகைகள் இருந்தன; பேச்சில் ‘போட்’ என்போம். கணினியில் மட்டும் ஓடும் சோதனையில் ஒரு பிழை வந்தால் அதே சோதனையைத் திரும்ப ஓட்டி அதே பிழையைத் திரும்பப் பார்க்கலாம். பலகையில் அப்படி இல்லை. வந்தது வந்ததுதான். திரும்ப வராமலே போகலாம். வந்தது வடிவமைப்பின் பிழையா, பலகையின் பிழையா என்று கண்டுபிடிப்பதிலேயே கிழமைகள், அதாவது வாரங்கள், போகும்.

அந்தக் கொப்பி அதனால்தான் பிறந்தது. தொடக்கத்தில் திருநெல்வேலியில் மின்சாரம் அடிக்கடி போய்வரும். யூ.பி.எஸ். தாங்கும், ஜெனரேற்றர் பிடிக்கும். ஆனால் கைமாறும் அந்தக் கணத்தில் சில வேளைகளில் பலகைகள் தடுமாறும். எங்கள் யூ.பி.எஸ். பழையது. எப்போது கைமாறியது என்பதை அது நினைவில் வைத்திருக்காது. ஆகவே நான் வைத்திருந்தேன். ஒவ்வொரு வேலைநாளுக்கும் ஒரு வரி. மின்வெட்டு இல்லாத நாளில் ‘இல்லை’ என்று எழுதுவேன். நான் வராத நாளில் ‘நான் இல்லை’ என்று எழுதுவேன். வேறு எவரும் அதில் எழுதக் கூடாது. ஒரே கை, ஒரே மணிக்கூடு. அந்த மணிக்கூட்டைத் தினமும் காலையில் பலகைகளின் நேரத்தோடு சரிபார்ப்பேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரே காலையில் முப்பத்தெட்டுப் பிழைகள் வந்தன. கடலுக்கு அப்பால் வடிவமைத்தவர்கள் பதறிப்போனார்கள். நான் கொப்பியைப் பார்த்து, முப்பத்தெட்டும் மின்சாரம் கைமாறிய இரண்டு நிமிடங்களுக்குள் விழுந்தவை என்று காட்டினேன். அவர்களுக்கு மூன்று கிழமை வேலை மிச்சமாயிற்று. அன்றிலிருந்து ‘யாழ்ப்பாணத்துக் கொப்பி’ என்று அங்கே அதற்கு ஒரு பெயர் உண்டாயிற்று. எனக்கும் அதில் பெருமை உண்டாயிற்று. இனிச் சொல்லப் போவதற்கு அந்தப் பெருமைதான் வேர்.

எனக்கு மேலே இருந்தவர் பரமலிங்கம் அண்ணை. வல்வெட்டித்துறையார். தகப்பன் வழியில் எல்லோரும் கடலோடிகள். இவர் ஒருவர்தான் சில்லுக்குள் இறங்கியவர். வெளிநாட்டிலிருந்து எங்கள் பிரிவையும் வேறு இரண்டு பிரிவுகளையும் பார்த்தார். ஒவ்வொரு தலைமுறையின் முடிவிலும், டேப்-அவுட்டுக்கு முன், அதாவது வடிவமைப்பை இனி மாற்ற முடியாதபடி வார்ப்புத் தொழிற்சாலைக்கு அனுப்பும் நாளுக்கு முன், தானே விமானமேறி வந்து எங்கள் விலக்குத் தாளை வாசிப்பார்.

விலக்குத் தாள் என்பது எங்கள் தொழிலின் பாவ அறிக்கை. சோதிக்க வேண்டியவை என்று ஆயிரக்கணக்கில் ஒரு பட்டியல் இருக்கும். கடைசியில் சில மீந்துவிடும். சில சோதிக்க முடியாதவை. சில, ஒருமுறை பிழை காட்டிப் பிறகு மறைந்தவை. அவை ஒவ்வொன்றுக்கும், ஏன் இதை விட்டுவிடலாம் என்று காரணம் எழுதிக் கையொப்பமிட வேண்டும்.

பரமலிங்கம் அண்ணை தாளை வாசிப்பதை நான் ஐந்து தடவை பார்த்திருக்கிறேன். முதலில் கைமணிக்கூட்டைக் கழற்றி முகம் கவிழ்த்து மேசையில் வைப்பார். இரண்டு பென்சில்களைப் பிளேட்டால் சீவுவார். தூள் விழப் பழைய பேப்பர் ஒன்றை விரித்திருப்பார். தேநீரை மூடிவைக்கச் சொல்வார். பிறகு ஒவ்வொரு விலக்கையும் உரத்து வாசித்து, எழுதியவரைப் பார்த்து ஒரே கேள்வி கேட்பார்:

“எப்பிடித் தெரியும்?”

‘சரியா?’ என்று கேட்கமாட்டார். ‘நிச்சயமா?’ என்றும் கேட்கமாட்டார். பதில் வந்ததும் அந்தப் பதிலையும் “அது எப்பிடித் தெரியும்?” என்பார். மூன்றாவது தடவைக்கும் பதில் இருந்தால் பென்சிலால் ஒரு சரி. இல்லாவிட்டால் தாளைத் திருப்பித் தருவார். ஒருமுறை ஒரு பொடியன் “நினைக்கிறன் சேர்” என்று தொடங்க, “கடலிலை ‘நினைக்கிறன்’ எண்டு சொன்னவங்கள் ஒருத்தரும் எங்கடை ஊருக்குத் திரும்பி வரேல்லை தம்பி” என்றார். கோபம் இல்லாமல்தான் சொன்னார்.

இப்போது அந்த வியாழக்கிழமை.

தர்சினி என்று இங்கே எழுதுகிறேன். உண்மைப் பெயர் அது அல்ல. சண்டிலிப்பாயில் புகையிலையும் மரக்கறியும் பயிர்செய்கிற குடும்பம். இரண்டு ஆண்டு ஒப்பந்தத்தில் வந்தவர், இருபத்தாறு வயது. உறக்கம், விழிப்புச் சோதனைகள் அவர் பொறுப்பில் இருந்தன. வியாழக்கிழமை காலை 10.47க்கு மூன்றாவது பலகை ஒரு பிழை காட்டியது. உறக்கத்திலிருந்து விழித்த ஒரு கோர், தான் உறங்கிய வேளையில் வேறொரு கோர் மாற்றிவிட்ட எண்ணை அறியாமல், கையிலிருந்த பழைய எண்ணையே எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு தடவை. தர்சினி அதைப் பிழைப் பதிவில் ஏற்றினார்; எங்கள் பேச்சில், பிழையைத் ‘திறந்தார்’. 10.47 என்பது பலகையே பதிந்த நேரம். நம்பலாம்.

அன்று காலை நான் அலுவலகத்தில் இல்லை. மனைவியின் கண்ணைக் காட்ட மானிப்பாய் ஆஸ்பத்திரியில் வரிசையில் இருந்தேன். ஒன்றே காலுக்கு வந்து சேர்ந்தேன். வாசலில் காவலாளி சின்னராசாவைக் கேட்டேன்.

“காலமை கரண்ட் போனதோ?”

“ஒருக்கா மினுங்கினது மாதிரிக் கிடந்ததையா. நான் அப்ப படலையிலை நிண்டனான். வடிவாத் தெரியாது.”

அரை நாள் இருந்தேன், அரை நாள் இல்லை. ‘நான் இல்லை’ என்று எழுதவும் மனம் வரவில்லை. ‘இல்லை’ என்று எழுதவும் முடியவில்லை. விசாரித்து எழுதலாம் என்று கிழமையை மட்டும் போட்டுவிட்டு மிகுதியை வெறுமையாக விட்டேன். அதுவரை அந்தக் கொப்பி நேர்மையான கொப்பி.

அடுத்த பன்னிரண்டு நாட்களும் தர்சினி ஆறு பலகைகளிலும் அதே சோதனையை ஓட்டினார். பிழை திரும்ப வரவில்லை. பிழை வந்து இரண்டு கிழமையில், வியாழக்கிழமை, பரமலிங்கம் அண்ணை வருவதாக இருந்தது. அதற்கு முன் வந்த திங்கட்கிழமை தர்சினி என் மேசைக்கு முன் வந்து நின்றார். இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

“சேர், டேப்-அவுட்டை ரெண்டு கிழமை பின்போடச் சொல்லிக் கேக்கலாமோ?”

“ஒரு பிழைக்கோ? அதுவும் திரும்பி வராத பிழைக்கோ?”

“திரும்பி வராததுதான் சேர் எனக்குப் பயமாக் கிடக்கு. சும்மா வந்த பிழையெண்டால் வேறை விதமாயும் வந்திருக்கும். இது கோர் எழும்புற அந்த இடத்திலை, சரியா அந்த ஒரு எண்ணிலை.”

“கரண்டாலை வந்திருக்கும் பிள்ளை.”

“கரண்ட் போனால் போட் எல்லாத்தையும் மறந்து நிண்டுபோம் சேர். திரும்ப ஏத்தவேணும். இது நிக்கேல்லை. பிழையைச் சொல்லிப்போட்டு, அதுக்குப் பிறகும் நாலு மணித்தியாலம் ஒழுங்கா ஓடினது.”

அவர் சொன்னது சரி. முப்பத்தெட்டுப் பிழைகள் வந்த அன்றும் எல்லாப் பலகைகளும் நின்றுதான் போயிருந்தன. அதை என் கொப்பியே சொல்லும். ஆனால் எங்கள் பிரிவு ஒரு தலைமுறையிலாவது டேப்-அவுட் நாளைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்டதில்லை. முப்பத்துநான்கு பேரின் வேலை, ‘யாழ்ப்பாணத்தில் இது சரிவராது’ என்று சொல்லக் காத்திருப்பவர்கள், என்றெல்லாம் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அவற்றைவிடச் சிறியது. நாள் தவறாதவன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நான் இழக்க விரும்பவில்லை.

புதன்கிழமை பின்னேரம் கொப்பியைத் திறந்தேன். 10.47 நடுவே வரவேண்டும். 10.40 – 10.50 என்று எழுத நினைத்துப் பேனாவை நிறுத்தினேன். உருண்டை எண்களை எவரும் முழுதாக நம்புவதில்லை. போலிச் செப்பேடுகளைப் பற்றி வாசித்திருக்கிறேன். இல்லாத தானத்துக்குத் திதியும் நட்சத்திரமும் குறைவில்லாமல் எழுதியிருப்பார்களாம். எனக்கு அந்தக் கணத்தில் அது நினைவுக்கு வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன். 10.44 – 10.51 என்று எழுதினேன். ‘மழை இல்லை’ என்று சேர்த்தேன். அது உண்மை, ஆஸ்பத்திரி வரிசையில் வெயிலில் நின்றவன் நான். ‘ஜெனரேற்றர் உடனே பிடித்தது’ என்பதை ஏன் சேர்த்தேன் என்று எனக்கே தெரியாது. பொய் சொல்பவனுக்கு ஒரு வசனம் போதாமல் போகிறது.

மறுநாள் பரமலிங்கம் அண்ணை மணிக்கூட்டைக் கவிழ்த்து வைத்தார். அறுபத்தொரு விலக்குகள். நான் எழுதிய நாற்பத்துமூன்றாவதில் வந்து நின்றார்.

“தூக்கத்திலை இருந்து எழும்பேக்கை பழைய எண். ஒருக்கா. திரும்பி வரேல்லை. காரணம்: கரண்ட்.” தர்சினியைப் பார்த்தார். “நீர்தானே திறந்தது? நீர் என்ன சொல்லுறீர்?”

தர்சினி திங்கட்கிழமை எனக்குச் சொன்னதைச் சொல் மாறாமல் அவருக்கும் சொன்னார்.

“அப்ப?” என்று என் பக்கம் திரும்பினார்.

கொப்பியை அவர் முன்னே தள்ளினேன். “அந்த நேரம் கரண்ட் போயிருக்கண்ணை. பத்து நாற்பத்திநாலுக்கு. போட் பிழை சொன்னது பத்து நாற்பத்தேழு.”

அவர் அந்த வரியின் கீழ் விரலை வைத்தார். அடுத்து வரும் கேள்விக்கு நான் பதில் தயாரித்து வைத்திருந்தேன். சின்னராசா சொன்னான் என்று சொல்வேன்; ‘மாதிரி’ என்ற சொல்லை மட்டும் விட்டுவிடுவேன். ஆனால் அவர் சிரித்தார்.

“உம்மடை கொப்பியிலை கிடந்தால் கிடக்கு” என்றார். பென்சிலால் ஒரு சரி.

அறுபது விலக்குகளுக்கு ‘எப்பிடித் தெரியும்?’ என்று கேட்டவர், அந்த ஒன்றுக்கு மட்டும் கேட்கவில்லை.

எங்கள் விதிப்படி ஒரு பிழையைத் திறந்தவர்தான் அதை மூடவேண்டும். “மூடிவிடும் பிள்ளை” என்று சொன்னவன் நான். தர்சினி கொப்பியின் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு போய்த் தட்டச்சுச் செய்தார்: ‘காரணம்: மின்வெட்டு. ஆதாரம்: கொப்பி, பக்கம் 79.’ கீழே அவருடைய பெயர் தானாக விழுந்தது.

டேப்-அவுட் குறித்த நாளில் நடந்தது. கேக் வெட்டினோம்.

ஏழு மாதங்களில் சில்லு வந்தது. சேர்வரில் நன்றாக ஓடியது. வேர்க்ஸ்டேஷனைப் பரீட்சித்துப் பார்க்க ஒரு வாடிக்கையாளருக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் கிழமை அங்கே வரைந்த ஓர் இயந்திரப் படத்தில் முந்திய நாள் அழித்த ஒரு கோடு திரும்ப வந்திருந்தது. காரணம் தேட ஐந்து கிழமை சென்றது. கடைசியில் யாரோ பழைய பதிவுகளைத் தேடி தர்சினியின் பதிவைக் கண்டார்கள். அதே இடம், அதே முறை. ஐந்து கிழமை வேலைசெய்து அவர்கள் எழுதிய விளக்கத்தைவிட, ஒரே ஒரு தடவை வந்த பிழையை வைத்துத் தர்சினி எழுதிய விளக்கம் தெளிவாக இருந்தது. கோர்களின் ஆழ்ந்த உறக்கத்தை மென்பொருளால் தடுத்து, சூட்டோடு சில காலம் ஓட்டி, வேர்க்ஸ்டேஷனின் வெளியீட்டைப் பின்போட்டு, சில்லைத் திரும்ப வார்த்தார்கள். இரண்டு கிழமை கேட்டிருந்த இடத்தில் பல மாதங்கள் போயின.

விசாரணைக் கூட்டம் திரையில் நடந்தது. தர்சினி அதற்கு அழைக்கப்படவில்லை. பதிவைத் திரையில் போட்டார்கள். திறந்தவர் பெயரும் மூடியவர் பெயரும் ஒன்று. “இந்தப் பொறியியலாளர்தான் மூடினாரா?” என்று வெளிநாட்டு மேலாளர் கேட்டார். திரையின் ஒரு மூலையில் பரமலிங்கம் அண்ணை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காத்திருக்கத் தெரிந்தவர். காத்திருந்தார்.

“ஓம். அவதான் மூடினவ” என்ற பொருள்பட ஆங்கிலத்தில் சொன்னேன்.

அந்த வசனத்தில் பொய் இல்லை. கொப்பியில் எழுதிய பொய்யைவிட இந்த உண்மைதான் இப்போது அதிகம் உறுத்துகிறது.

இரண்டு மாதத்தில் தர்சினியின் ஒப்பந்தம் முடிந்தது. புதுப்பிக்கும் படிவத்தில் தலைவரின் கருத்துக்கு ஒரு பெட்டி இருந்தது. நான் அதில் கெடுதலாக எதுவும் எழுதவில்லை. நல்லதாகவும் எழுதவில்லை. வெறுமையாக விட்டுக் கையொப்பமிட்டேன். நிரப்பக் கூடாத இடத்தை அன்று நிரப்பியவன், நிரப்ப வேண்டிய இடத்தை வெறுமையாக விட்டேன். மேலிடம் புதுப்பிக்கவில்லை. கடைசி நாளன்று பலகை அறைக் கதவின் திறப்பைத் தந்துவிட்டு, “கொப்பியை மேசை லாச்சிக்குள்ளை வைச்சிருக்கிறன் சேர், தூசு பிடிக்குது” என்று மட்டும் சொல்லிப் போனார். அதற்குப் பிறகும் நான்கு ஆண்டுகள் நான் அந்தக் கொப்பியில் எழுதினேன். எல்லாம் உண்மை. அவற்றால் அந்த ஒரு வரியை அழிக்க முடியாது.

நிரோஜன் கதைத்த அன்றே பரமலிங்கம் அண்ணைக்கு எழுதினேன். அவரும் ஓய்வுபெற்றுவிட்டார். நடந்ததை முழுதாக எழுதி, ‘அந்த வரி பொய்’ என்று முடித்தேன். நான்காம் நாள் பதில் வந்தது. திட்டுவார் என்று நினைத்தேன். ஒரே வசனம்தான் இருந்தது.

“கரண்ட் போகேல்லை எண்டு எப்பிடித் தெரியும்?”

அன்று கேட்காத கேள்வியை இத்தனை காலம் கழித்துக் கேட்டுவிட்டார். நான் அறியாததை எழுதினேன் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். எழுதியது உண்மையிலேயே இல்லாததுதானா என்பது தெரியாது. விசாரிக்கப் போனேன். மின்சாரப் பகுதி அலுவலகத்தில் ஒரு பெண் பிள்ளை பொறுமையாகக் கேட்டுவிட்டு, அந்தக் காலத்தில் பத்து நிமிடத்துக்குக் குறைந்தவற்றைத் தாங்கள் எழுதி வைப்பதில்லை என்றார். நான் தேர்ந்தெடுத்தது ஏழு நிமிடம். சின்னராசா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார்.

அன்று மேல்தட்டில் வேலைசெய்தவர்களைக் கேட்டுப் பார்த்தேன்; ஒருவருக்கும் அந்தக் காலை ஞாபகத்தில் இல்லை. மிஞ்சியது தர்சினி. அன்று காலை பலகை அறையில் இருந்தவர் அவர் ஒருவர்தான். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்குச் சண்டிலிப்பாய்க்குப் போனேன். தகப்பன் கிணற்றடியில் நீரிறைக்கும் மோட்டரைக் கழற்றிப் பரப்பி வைத்திருந்தார். யார் என்று சொன்னேன்.

“ஓ, கரண்ட் எழுதிற சேரே! எங்கடை மோட்டர் ரெண்டு நாளா ஓடேல்லை. அதையும் ஒருக்கா எழுதிவிடுங்கோவன்.” கை நீட்டவில்லை, கையெல்லாம் எண்ணெய். “பிள்ளை, உன்ரை கொப்பிச் சேர் வந்திருக்கிறார்!”

தர்சினி இப்போது கொழும்பிலுள்ள ஒரு நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே மென்பொருள் எழுதுகிறார். கதிரை கொண்டுவந்து போட்டார். இந்த முறை நான் இருக்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: புதன்கிழமை, மூடிய கதவு, ஏழு நிமிடம், திரையில் சொன்ன வசனம், வெறுமையாக விட்ட பெட்டி. தகப்பன் ஸ்பானரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த வரி வெறுமையாக் கிடந்தது எனக்குத் தெரியும் சேர்” என்றார் தர்சினி. “அண்டைக்கே பாத்தனான். பிழை வந்த உடனை நான் செய்த முதல் வேலை உங்கடை கொப்பியைப் பாத்ததுதான். பின்னேரமும் பாத்தன். வெறுமை.”

“பிறகேன் பரமலிங்கம் அண்ணைக்கு முன்னாலை நீர் அதைச் சொல்லேல்லை?”

“நீங்கள் எங்கையாவது விசாரிச்சு எழுதியிருப்பியள் எண்டு நினைச்சன். நீங்கள் விசாரிக்காமல் எழுதமாட்டியள் எண்டுதானே எல்லாரும் சொல்லுறது.”

தகப்பன் எழுந்து கிணற்றுக்கு அந்தப் பக்கமாகப் போனார். நான் கேட்க வந்ததைக் கேட்டேன். அன்று காலை கரண்ட் போனதா? காற்றாடி நின்றதா?

நான் இருக்காத கதிரையில் தர்சினி இருந்தார்.

“நிண்டதெண்டுதான் ஞாபகம் கிடக்கு. ஆனா சேர், உங்கடை வரியைப் பாக்க முதலும் எனக்கு அந்த ஞாபகம் இருந்ததோ எண்டு சொல்லத் தெரியேல்லை. பாத்தாப் பிறகுதான் ‘ஓம், நிண்டதுதானே’ எண்டு வந்தது. கன நாள் அதை வைச்சே என்ரை மனத்தைத் தேத்தினனான். கரண்ட் போனது உண்மை, நான் மூடினதும் ஞாயம் எண்டு.”

மன்னிப்புக் கேட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் தொங்கவிட இதை எழுதலாமா என்றும் கேட்டேன்.

“எழுதுங்கோ. பேரை மாத்திப் போடுங்கோ. நான் கேட்டது ரெண்டு கிழமை, மூண்டு எண்டு எழுதிப் போடாதேங்கோ. பாவம் எண்டும் எழுதாதேங்கோ.”

அந்த இரண்டையும் எழுதவில்லை.

பிழைப் பதிவில் மூடியவர் பெயரை மாற்ற முடியுமா என்று நிரோஜன் ஊடாகக் கேட்டேன். அந்தத் தலைமுறையின் பதிவுகள் பூட்டப்பட்டுவிட்டன. வாசிக்கலாம், திருத்த முடியாது என்று பதில் வந்தது. ஆகவே திருத்தம் இங்கே மட்டும்தான் இருக்கும்: அந்தப் பிழையை மூடியவன் நான். கொப்பியைப் பெட்டிக்குள் வைப்பதாயின் எழுபத்தொன்பதாம் பக்கத்தைத் திறந்து வையுங்கள். அலுவலகத்துக்கு வந்து ஆறாவது வரியின் ஓரத்தில் பென்சிலால் இன்றைய திகதியிட்டு, ‘இது அன்று எழுதப்பட்டதல்ல’ என்று குறித்திருக்கிறேன். ‘பொய்’ என்று எழுதவில்லை. எழுத எனக்கு ஆதாரம் இல்லை.

அந்த வியாழக்கிழமை காலை திருநெல்வேலியில் மின்சாரம் நின்றதா என்பது இதை எழுதும்வரை உறுதிப்படுத்தப்படவில்லை.